வௌவாலை எண்ணுவது எப்படி?

கீழ்ப்பழனி மலையின் தாண்டிக்குடியில் காபித் தோட்டம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அவர் தோட்டத்தை ஒட்டிய காட்டோரத்தில் மூன்று இரவுகள் வௌவால் கணக்கெடுப்பு நடந்தது. உதவிக்கு நானும் போயிருந்தேன். கடைசி நாள் காலையில் காபித் தம்ளரை நீட்டிக்கொண்டே, “மொத்தம் எத்தனை இருக்கு தம்பி?” என்றார். “அதைச் சொல்ல முடியாதுங்க ஐயா” என்றேன். “மூணு ராத்திரி கண் முழிச்சுட்டு எத்தனைன்னு தெரியாதுன்னா, அப்புறம் என்னத்தை எண்ணினீங்க?”

நியாயமான கேள்வி. மூட்டை கட்டும் அவசரத்தில் அன்றைக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. யானை இத்தனை, புலி இத்தனை என்று செய்தி படித்துப் பழகிய நமக்கு, வௌவாலுக்கும் அப்படி ஓர் எண் இருக்கும் என்றுதான் தோன்றும். அந்த எண் சிறியதாக இருந்தால் “அழிந்துபோச்சு” என்கிறோம். பெரியதாக இருந்தால் “பெருகிப்போச்சு, விரட்டணும்” என்கிறோம். இரண்டுமே பெரும்பாலும் தவறான முடிவுகள். அந்தப் பெரியவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இங்கே எழுதுகிறேன்.

முதலில், எந்த வௌவால்?

வௌவால் என்பது ஒரே விலங்கு அல்ல. உலகத்தில் 1,400-க்கும் மேற்பட்ட வௌவால் வகைகள் உண்டு. குட்டி போட்டுப் பால் கொடுக்கும் விலங்கு வகைகளில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்று வௌவால்தான். இந்தியாவில் மட்டும் 120 வகைகளுக்கு மேல். நம் பேச்சு வழக்கிலேயே ஒரு பிரிவு இருக்கிறது: பெரியதை வௌவால் என்போம், சின்னதைத் துரிஞ்சில் என்போம். அந்தப் பிரிவு நமக்கு நன்றாகவே உதவும்.

பெரியவை பெரும்பாலும் பழந்தின்னிகள். ஆலமரத்திலும் புளியமரத்திலும் பகலில் கூட்டமாகத் தொங்குவது இவற்றில் மிகப் பெரியது. இறக்கையை விரித்தால் ஒரு மீட்டருக்கு மேல் இருக்கும். சிறிய பழந்தின்னி ஒன்று உண்டு, அதன் வேலை அழகு. கூந்தப்பனையின் தொங்கும் குலைக்குள் புகுந்து, நடுச் சரங்களைக் கடித்துத் தள்ளி, குடை போல ஒரு குழிவை உண்டாக்கி அதற்குள் தொங்கும். அடிவாரத்தில் கூந்தப்பனை நிற்கும் தோட்டங்களில் குலைக்குக் கீழே மென்று துப்பிய சக்கை கிடந்தால் அண்ணாந்து பாருங்கள். இந்தப் பழந்தின்னிகளுக்குக் கண் நன்றாகவே தெரியும். கண்ணையும் மூக்கையும் வைத்துத்தான் பழத்தைத் தேடுகின்றன.

துரிஞ்சில்கள் பூச்சித்தின்னிகள். பாறை இடுக்கு, குகை, பழைய பங்களாவின் பரண், சாலைக்கு அடியில் ஓடும் பாலத்துக் குழாய், மரப்பொந்து என்று ஒளிந்து கிடப்பவை. நாம் பார்ப்பது அரிது. ஆனால் வகைகளில் பெரும்பான்மை இவைதான்.

ஆக, ஒரு கூட்டம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் தொங்குகிறது, இன்னொரு கூட்டம் ஒளிந்துகொள்கிறது. இரண்டையும் ஒரே முறையில் எண்ண முடியாது. முதல் சிக்கல் இதுதான்.

இருட்டில் கூவும் விலங்கு

கொடைக்கானல் வட்டக்கானலில் டால்பின் மூக்குப் பாறைக்குக் கீழே எதிரொலிப் பாறை இருக்கிறது. போனவர்கள் எல்லோரும் அங்கே ஒரு முறை கூவியிருப்பார்கள். ஒலி ஒரு வினாடியில் சுமார் 340 மீட்டர் போகும். உங்கள் குரல் ஒரு வினாடி கழித்துத் திரும்பி வந்தால், போக 170 மீட்டர், வர 170 மீட்டர். அப்படியானால் எதிரே உள்ள பாறை 170 மீட்டர் தொலைவில் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டே தூரத்தை அளந்துவிட்டீர்கள்.

துரிஞ்சில் செய்வதும் அதுவே. கூவுகிறது, எதிரொலியைக் கேட்கிறது, எதிரே என்ன இருக்கிறது என்று அறிகிறது. இதற்கு எதிரொலி இடமறிதல் என்று பெயர். ஆனால் அதன் பாறை ஒரு அந்துப்பூச்சி, அதுவும் இரண்டு மீட்டர் தூரத்தில். எதிரொலி வர வினாடியில் நூறில் ஒரு பங்கு நேரமே ஆகும்.

சரி, நாம் கூவினால் பூச்சியிலிருந்து எதிரொலி வருமா? வராது. குளத்து அலையை நினைத்துப் பாருங்கள். படிக்கட்டில் மோதிய அலை திரும்பி வருகிறது. நாணல் தண்டில் மோதிய அலை தண்டைச் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது, ஏனென்றால் அலை பெரியது, தண்டு சிறியது. ஒலியும் அலைதான். நம் குரலின் அலை ஏறக்குறைய ஒரு மீட்டர், அதற்கு மேலும் கூட நீளம் இருக்கும், பூச்சியைச் சுற்றிக்கொண்டு போய்விடும். பூச்சியில் பட்டுத் திரும்ப வேண்டுமானால் அலை பூச்சி அளவுக்குச் சிறியதாக இருக்க வேண்டும். அலை சிறுக்கச் சிறுக்க, ஒரு வினாடிக்குள் வரும் அதிர்வுகளின் எண்ணிக்கை கூடும். இந்த எண்ணிக்கைக்கு அதிர்வெண் என்று பெயர். ஒரு சென்டிமீட்டர் அலைக்கு வினாடிக்கு 34,000 அதிர்வுகள் வேண்டும். மனிதக் காது 20,000-க்கு மேல் கேட்காது. அதற்கு மேற்பட்ட ஒலியை மீயொலி என்கிறோம். துரிஞ்சில்கள் பெரும்பாலும் அங்கேதான் பேசுகின்றன. இரவு நமக்கு அமைதியாகத் தெரிவது நம் காதின் குறை.

மீயொலிக்கு ஒரு பலவீனம் உண்டு. அதிர்வெண் கூடக் கூட, காற்று அதைச் சீக்கிரம் விழுங்கிவிடும். சில வகைகளின் குரல் சில மீட்டருக்கு அப்பால் போகாது. இதை நினைவில் வையுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

காதுக்கு எட்டாததைக் கண்ணால் பார்ப்பது

இந்தக் குரல்களைப் பிடிக்கும் கருவிக்கு பேட் டிடெக்டர் என்று பெயர். மீயொலியை நம் காதுக்குக் கேட்கும் ஒலியாக இறக்கிக் கொடுக்கும். இப்போது உள்ளங்கை அளவு பதிவுக் கருவிகளும் வந்துவிட்டன. மரத்தில் கட்டிவிட்டு வந்தால் இரவு முழுக்கப் பதிவு செய்யும். பதிவைக் கணினியில் போட்டால், நேரம் ஒரு பக்கமும் அதிர்வெண் ஒரு பக்கமுமாக ஒரு படம் வரும். அதுதான் ஒலிவரைபடம்.

அந்தப் படத்தை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு நாதஸ்வரக் கச்சேரி நினைவுக்கு வந்தது. குதிரைலாட வௌவால், மூக்கின் மேல் லாடம் போன்ற மடிப்பு உள்ளது, ஒத்து ஊதுவது போல ஒரே சுருதியில் நின்று கூவும். படத்தில் நேர்கோடு. வீட்டுக் கூரைகளில் இருக்கும் குட்டித் துரிஞ்சில் மேல் சுருதியில் தொடங்கிச் சரசரவென்று கீழே சறுக்கும். படத்தில் சாய்ந்த கொக்கி. பூச்சியை நெருங்கும்போது கூவல்கள் ஒன்றன் மேல் ஒன்றாக விரையும். தரையில் சுழன்று விழும் காசு கடைசியில் படபடவென்று தட்டுமே, அதே போல. அதைக் கேட்டால் அங்கே இரை பிடிக்கப்பட்டது அல்லது தப்பியது என்று அர்த்தம். ஆகவே ஒரு பதிவு, யார் வந்தார்கள் என்பதோடு, சாப்பிட வந்தார்களா வழிப்போக்கர்களா என்பதையும் சொல்லிவிடும்.

சாவடிக் கணக்கு

இனி பெரியவரின் கேள்விக்கு வரலாம். கொடைக்கானல் ஏறும் வழியில் வெள்ளி அருவிக்கு அருகே சுங்கச் சாவடி இருக்கிறது. அங்கே ஒருவர் உட்கார்ந்து ஒரு நாளில் 100 ஜீப் கடந்தது என்று குறிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஊரில் 100 ஜீப் இருக்கிறது என்று அர்த்தமா? இல்லை. ஒரே ஜீப் பத்து முறை ஏறி இறங்கியிருக்கலாம்.

கருவியின் கணக்கும் இப்படித்தான். கருவிக்கு அருகே ஒரு வௌவால் பறந்து போகும்போது விழும் கூவல் வரிசையைக் கடப்பு என்கிறோம். 100 கடப்பு என்பது 100 வௌவாலாகவும் இருக்கலாம், தெருவிளக்கைச் சுற்றிச் சுற்றிப் பூச்சி பிடித்த ஒரே வௌவாலாகவும் இருக்கலாம். கடப்பு காட்டுவது நடமாட்டத்தை மட்டுமே.

இன்னொரு கோணலும் உண்டு. காற்று விழுங்குவதைச் சொன்னேன் அல்லவா? உரத்த குரலில், தாழ்ந்த அதிர்வெண்ணில் கூவும் வகை தூரத்திலிருந்தே பதிவாகும். குதிரைலாட வௌவாலோ கருவிக்கு மிக அருகில் வந்தால்தான் பதிவாகும். இன்னும் ஒரு வகை, இலைச் சருகில் பூச்சி நடக்கும் ஒலியைக் கேட்டே இரை பிடிப்பது, கிசுகிசுப்பாகத்தான் கூவும். அது தலைக்கு மேலே பறந்தாலும் கருவி அதைத் தவறவிடக்கூடும். நம் பழந்தின்னிகள் பெரும்பாலும் எதிரொலியை நம்பிப் பறப்பதில்லை, எனவே கருவிக்கு அவை இல்லாதவை. பெரியவரின் தோட்டத்தில் இரவெல்லாம் அத்திப்பழம் தின்ற கூட்டம் எங்கள் கருவியில் ஒரு கோடு கூடப் போடவில்லை.

சுருங்கச் சொன்னால், கருவியில் விழுவது கடப்பு, தலைக்கணக்கு அல்ல. அதிலும் உரக்கப் பேசுபவர்கள் அதிகமாகத் தெரிவார்கள், மெல்லப் பேசுபவர்கள் குறைவாகத் தெரிவார்கள். பதிவாகவில்லை என்றால் இல்லை என்று பொருள் அல்ல.

அடையும் இடத்தில் எண்ணுவது

தலைக்கணக்கு வேண்டும் என்றால் அவை அடையும் இடத்துக்குப் போக வேண்டும். பகலில் வௌவால் தங்கும் இடத்தை அடைவிடம் என்று சொல்லலாம். அந்தி சாயும் முன்பே வாசலுக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்துவிட வேண்டும், வானம் பின்னணியாகத் தெரியும்படி. வெளியேறும் ஒவ்வொன்றுக்கும் கையிலுள்ள எண்ணியில் ஒரு சொடுக்கு. சில வெளியே வந்துவிட்டு மறுபடி உள்ளே போகும், அவற்றைக் கழிக்க வேண்டும். இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி ஒப்பிட்டால் நல்லது. கூட்டம் அடர்த்தியானால் பத்துப் பத்தாக எண்ணுவோம். குகைக்குள் டார்ச் அடித்துப் போய் எண்ணுவதை நான் விரும்புவதில்லை. குட்டி இருக்கும் காலத்தில் தாய்கள் வெருண்டு பறந்தால் குட்டிகள் கீழே விழும்.

எல்லாம் ஒரே நேரத்தில் எப்படி வெளியேறுகின்றன? குகைக்குள் எப்போதும் இருட்டுதானே? இதற்கு விடை தேடியது பக்கத்து மதுரையில். 1970-களின் இறுதியில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் எம்.கே. சந்திரசேகரனும் ஜி. மாரிமுத்துவும் குழுவினரும் குகைக்குள்ளேயே சில வௌவால்களைக் கூண்டில் வைத்துப் பார்த்தார்கள். வெளிச்சமே படாவிட்டாலும், சுற்றியுள்ள கூட்டம் தினமும் போய் வந்துகொண்டிருந்த வரை கூண்டு வௌவாலின் உடல் கடிகாரம் அந்திப் பொழுதோடு ஒத்துப்போனது. கூட்டம் இல்லாத குகையில் அது கொஞ்சம் கொஞ்சமாக நேரம் தவறியது. அதாவது, ஒரு வௌவாலுக்கு நேரம் சொல்வதில் அதன் கூட்டத்துக்கும் பங்கு உண்டு. அடைவிடத்தைக் கலைத்தால் வீட்டோடு சேர்த்துக் கடிகாரத்தையும் கலைக்கிறோம் என்று இதைப் படித்த நாளிலிருந்து நான் நினைத்துக்கொள்வதுண்டு.

வலையும் அவரைக்கொட்டையும்

குரலும் இல்லை, அடைவிடமும் தெரியாது என்றால் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். பறக்கும் வழியில் மெல்லிய நூல் வலையைக் கட்டி, பக்கத்திலேயே காத்திருந்து, சிக்கியதை உடனே எடுத்து, முன்கை நீளத்தையும் எடையையும் குறித்துவிட்டு விட வேண்டும். இதற்கு வனத்துறை அனுமதி வேண்டும், பயிற்சியும் தடுப்பூசியும் வேண்டும். ஆர்வத்தில் யாரும் முயலக் கூடாத வேலை.

பிடித்ததில் அடையாளமிட்டு விட்டால் மொத்தத்தை மதிப்பிட ஒரு வழி உண்டு. பானை நிறைய அவரைக்கொட்டை இருக்கிறது. 40 கொட்டையை எடுத்து மஞ்சள் தடவிப் போட்டுக் கலக்குங்கள். மறுபடி 50 எடுத்தால் அதில் 10 மஞ்சள் என்றால், ஐந்தில் ஒன்று மஞ்சள். எனவே பானையில் ஏறக்குறைய 200. அழகான கணக்கு. ஆனால் ஒரு முறை வலையில் சிக்கிய வௌவால் மறுமுறை அந்தப் பக்கம் வராமல் போகலாம், கொட்டை அப்படியல்ல. வளையம் போட்டால் இறக்கையில் காயமாகவும் வாய்ப்பு உண்டு. அதனால் வௌவாலுக்கு இதை அளவாகத்தான் பயன்படுத்துகிறார்கள்.

பிடித்துப் பார்ப்பதன் உண்மையான பயன் வகையை உறுதிசெய்வதில் இருக்கிறது. நமக்குத் தெற்கே, கம்பம் பள்ளத்தாக்கைத் தாண்டி, மேகமலையில் 1948-ல் ஆங்கஸ் ஹட்டன் என்பவர் ஒரு பழந்தின்னியைப் பிடித்தார். மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில் அது சாதாரணச் சிறு பழந்தின்னி என்ற பெயரில் கிடந்தது. கிட்டி தோங்லோங்யா என்ற தாய்லாந்து ஆய்வாளர் அதை மறுபடி எடுத்துப் பார்த்தபோதுதான் அது யாரும் அறியாத தனி இனம் என்று தெரிந்தது. 1972-ல் அதற்குப் பறவையியலாளர் சாலிம் அலியின் பெயர் வைத்தார். இருபத்து நான்கு ஆண்டுகள் கையிலேயே இருந்தும் தெரியவில்லை! படம் பிடித்து அனுப்பி “இது என்ன வௌவால்?” என்று கேட்பவர்களுக்கு உடனே பதில் சொல்ல முடியாமல் போவதற்கு இதுதான் காரணம்.

அப்படியானால் எண் எதற்கு?

உங்கள் ஊர்ப் பள்ளியில் மழைமானி இருக்கலாம். 30 மில்லிமீட்டர் என்று காட்டினால் மலை முழுக்க எத்தனை லிட்டர் தண்ணீர் விழுந்தது என்று அதற்குத் தெரியாது. ஆனால் அதே மானி, அதே இடம், ஆண்டுதோறும் குறித்தால் எந்த ஆண்டு வறண்டது என்று சொல்லிவிடும். வௌவால் கணக்கும் மழைமானிதான். அதே மரம், அதே பாதை, அதே மாதம், அதே கருவி, நிலவொளியும் மழையும் ஏறக்குறைய ஒரே மாதிரி. இப்படி ஆண்டுக்கணக்கில் எடுத்தால் கடப்பு குறைவது உண்மையிலேயே ஏதோ குறைவதைக் காட்டும். நம் மலையில் ஐப்பசி, கார்த்திகை மழையில் எடுத்த கணக்கை மாசி மாதக் கணக்கோடு ஒப்பிட்டால் அதற்கு அர்த்தமே இல்லை.

இந்தப் பொறுமை ஏன் தேவை? பெரும்பாலான வௌவால்கள் ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டிதான் போடும், அதுவும் பல வகைகள் ஆண்டுக்கு ஒரு முறை. உடல் எலி அளவு என்றாலும் பெருகும் வேகம் எலியுடையது அல்ல. ஒரு குகையில் ஒரு நாள் புகை போட்டதில் அழிந்ததை ஈடுகட்டப் பல ஆண்டுகள் ஆகும். இறக்கம் தொடங்கும்போதே கண்டுபிடித்தால்தான் உண்டு.

பெரியவரே, நாங்கள் எண்ணியது இதைத்தான். மொத்தத்தை அல்ல, அடுத்த ஆண்டு ஒப்பிடுவதற்கான முதல் கணக்கை.

காப்பது என்றால் எதை?

கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் 2013-ல் அறிவிக்கப்பட்டது, சுமார் 608 சதுர கிலோமீட்டர். ஆனால் வௌவாலுக்கு எல்லைக்கல் தெரியாது. சரணாலயத்துப் பாறையில் அடைந்து, இரவு காபித் தோட்டத்தில் பூச்சி பிடித்து, ஓடைக்கரை வழியாகத் திரும்பும். அடைவிடம், வழி, உணவு மூன்றும் சேர்ந்ததுதான் அதன் வாழ்விடம். ஒன்று போனாலும் மற்ற இரண்டாலும் பயன் இல்லை.

ஆனைமலையில் வால்பாறை வட்டாரத்தில் இதே ஒலிக் கருவிகளை வைத்து ஆராய்ந்தபோது, நாட்டு மரங்களின் நிழலில் வளரும் காபித் தோட்டங்களும் காட்டுத் துண்டுகளும் ஓடைக்கரைக் காடுகளும் வௌவால்களை நன்றாகத் தாங்குவது தெரிந்தது. தேயிலைப் பரப்பு பின்தங்கியது. கீழ்ப்பழனி மலைக்கு இது நேரடியாகப் பொருந்தும் என்பது என் கருத்து. பலாவையும் அத்தியையும் வெட்டிவிட்டு சில்வர் ஓக் மட்டும் வைக்கும் தோட்டத்தில் காபி வளரும், ஆனால் பழந்தின்னிக்குச் சாப்பாடு இருக்காது. அத்தியின் பொடி விதைகளை வயிற்றில் சுமந்து பறந்தபடியே கழித்து, வெட்டவெளியிலும் மரம் முளைக்க வைப்பது அதுதான். துரிஞ்சிலோ ஒரே இரவில் தன் எடையில் பாதி அளவுக்குக் கூடப் பூச்சி தின்னக்கூடியது.

சட்டத்தில் பழந்தின்னிகள் நெடுங்காலம் எலி, காகத்தோடு சேர்த்துத் தீங்குயிர் பட்டியலில் இருந்தன. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை 2022-ல் திருத்தியபோது அந்தப் பட்டியலே நீக்கப்பட்டது. ஆஸ்துமாவுக்கு நல்லது என்று வௌவாலை வேட்டையாடும் பழக்கம் மட்டும் சில இடங்களில் போகவில்லை. அந்தக் கறியால் ஆஸ்துமா குணமாகும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

நிபா பற்றியும் சொல்ல வேண்டும். 2018-ல் கோழிக்கோட்டில் நோய் வந்த பிறகு இங்கேயும் ஆலமரத்தை வெட்டலாமா என்று கேட்டவர்கள் உண்டு. பழந்தின்னிகளின் உடலில் அந்த வைரஸ் இருப்பது உண்மை. ஆஸ்திரேலியாவில் நிபாவின் உறவான ஹெண்ட்ரா வைரஸைப் பல ஆண்டுகள் ஆராய்ந்ததில், காடு அழிந்து உணவு கிடைக்காத காலங்களில்தான் அது வௌவாலிலிருந்து குதிரைகளுக்கு அதிகம் தாவியது என்று தெரிந்தது. மரத்தை வெட்டிக் கூட்டத்தைச் சிதறடிப்பது நோயைத் தள்ளி வைக்காது, வீட்டுக்கு அருகே கொண்டுவரக்கூடும். வௌவால் கடித்த பழத்தைத் தின்னாதீர்கள், பழத்தை நன்றாகக் கழுவுங்கள். வௌவாலை வெறுங்கையால் தொடாதீர்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

தோட்டக்காரர்களுக்கு இழப்பே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். வாழைத்தாரைச் சாக்கால் மூடுவது, பேரிக்காயையும் பட்டர்ஃப்ரூட்டையும் முற்றியதும் பறித்துவிடுவது, வலை போட்டால் விரல் நுழையாத சிறு கண் வலையை இழுத்துக் கட்டுவது ஆகியவை உதவும். தொங்கலாக விட்ட மீன் வலையில் வௌவால் சிக்கி விடிய விடியத் துடிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

பழைய பங்களாவையோ பரணையோ பழுது பார்க்கிறீர்களா? முதலில் ஒரு மாலை வெளியே உட்கார்ந்து யாராவது வெளியேறுகிறார்களா என்று பாருங்கள். பங்குனி, சித்திரையில் பல வகைகளுக்குக் கைக்குட்டி இருக்கும், அதனால் வேலையைச் சில மாதம் தள்ளி வையுங்கள். அப்புறமும் அடைக்க வேண்டும் என்றால், இருட்டிய பிறகு, எல்லாம் வெளியே போனதை எண்ணிப் பார்த்துவிட்டு அடையுங்கள். எண்ணும்போது அந்த எண்ணையும் தேதியையும் எங்காவது எழுதி வையுங்கள்.